இசையை ஏட்டிற் பதித்தல்: சுரக்குறிப்பின் வரலாறும் யாழ்ப்பாணமும்

இயற்றமிழ் ஏட்டில் நின்றது. இசைத்தமிழோ பெரும்பாலும் மிடற்றில் நின்றது. ஏட்டில் நின்றவற்றுட் செல்லுக்கும் நெருப்புக்கும் இரையானவை போக எஞ்சியவை இன்று நம் கையில் உள்ளன. மிடற்றில் நின்றவை, பாடியோர் மறைந்தபோது அவர்களுடன் மறைந்தன. சொல்லை எழுதி வைத்த அளவிற்கு அச்சொல்லைத் தாங்கிய இசையைத் தமிழர் எழுதி வைத்தனரா, வைத்தனராயின் எக்காலத்து, எம்முறையில் வைத்தனர் என்பவை இசையறிவுடையாரன்றிப் பிறரும் ஆராய்தற்குரிய வினாக்களாம். நம் காலத்தில் இயற்றப்படும் பாடல்கள் நூறாண்டின் பின்னர் இசையோடு வழங்குமா, சொல்லளவில் நிற்குமா என்பது இவ்வினாக்களுக்கு நாம் காணும் விடையைப் பொறுத்ததாகும்.

பரிபாடல் தரும் பாடம்

எட்டுத்தொகையுள் ஒன்றாகிய பரிபாடல் இசைப்பாடல்களின் தொகுதி. எழுபது பாடல்களைக் கொண்டிருந்த இந்நூலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. உ. வே. சாமிநாதையரவர்கள் 1918 ஆம் ஆண்டில் இதனை அச்சேற்றினார்கள். இந்நூலின் தனிச்சிறப்பு யாதெனின், பாடலின் கீழ்ப் பாடிய புலவர் பெயர் இருப்பதுபோலவே, அதற்கு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டிருத்தலாம். நாகனார், கண்ணனாகனார், பெட்டனாகனார், நல்லச்சுதனார் முதலிய இசைவல்லோர் பெயர்கள் அங்ஙனம் நமக்குக் கிடைத்தன. சில பாடல்கள் பாலையாழிலும், சில நோதிறத்திலும், சில காந்தாரத்திலும் அமைந்தவை என்பதும் தெரியவருகின்றது.

சொல்லமைத்தவர் ஒருவர், இசையமைத்தவர் மற்றொருவர் எனப் பிரித்துணர்ந்து இருவர்க்கும் ஒப்ப மதிப்பளித்த சமுதாயம் அது. ஆயினும் அவ்விசைவல்லோர் வகுத்த இசை எங்கே? புலவர் யாத்த சொல் எழுத்தெழுத்தாக நின்றது. இசை வகுத்தார் வகுத்ததில் அவர்தம் பெயரும் பண்ணின் பெயருமே நின்றன. நாகனார் என்னும் பெயரை நாம் அறிவோம். அவர் அமைத்த இசையில் ஒரு சுரத்தையேனும் அறியோம்.

தேவாரத்தின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். தில்லையிற் செல்லரித்துக் கிடந்த ஏடுகளிலிருந்து பதிகங்கள் மீட்கப்பட்டபோது, பண்முறை அறிவாரின்மையால், திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த யாழ்ப்பாணர் மரபினராகிய பெண்மணி ஒருவரை நாடிப் பண் வகுக்க நேர்ந்தது என்று திருமுறை கண்ட புராணம் கூறும். ஏடு அளித்தது சொல்; இசையை அளிக்க ஒரு மரபின் குரல் வேண்டியிருந்தது. அம்மரபினை ஓதுவார்கள் காத்தமையாலன்றோ நட்டபாடையைக் கம்பீரநாட்டை எனவும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணம் எனவும், காந்தாரபஞ்சமத்தைக் கேதாரகௌளை எனவும் இனங்கண்டு இன்றும் பாட முடிகின்றது.

கல்லில் எழுதிய சுரங்கள்

இசையை எழுதும் முயற்சி பண்டு இந்நாட்டவர்க்கு முற்றும் தெரியாததன்று. சாமவேதம் ஓதுவோர் மந்திரத்தின்மேல் எண்களை இட்டுச் சுரவேறுபாடு காட்டினர். தமிழர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் பெயரிட்டதோடு அமையாது, ஏழு நெட்டெழுத்துக்களை அவற்றிற்கு அடையாளமாகக் கொண்டமையைத் திவாகரம் முதலிய நிகண்டுகள் உணர்த்தும்.

இவற்றினும் பெரிய சான்று புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டினதாக அறிஞர் கருதும் இக்கல்வெட்டில் ஏழு கிராமராகங்களுக்குரிய சுரக்கோவைகள் ஏழு பகுதிகளாகக் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. சுரங்கள் நந்நான்காக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு சுரவெழுத்தும் வேறு வேறு உயிரொலியை ஏற்று நிற்கின்றது. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய அரசன் ஒருவன் மாணவர் நலங்கருதி இதனைச் செய்வித்தான் என்ற செய்தியும் அதில் உண்டு. அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மனே என்பர் ஒருசாரார். மறுப்பர் மற்றொரு சாரார்.

கல்லிற் பொறித்தமையால் இவ்விசை பரிபாடலிசைபோல் அழிந்திலது. எனினும் இதனைப் பிழையறப் பாட வல்லார் இன்று உளரா? சுரவெழுத்துக்கள் ஏற்ற உயிரொலிகளின் பொருள் சுருதி வேறுபாடா, யாழ் மீட்டும் முறையா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒருமைப்பாடு இல்லை. எழுத்து உளது, அதனைக் கற்பித்த ஆசிரிய மரபு அறுந்தது. ஆகவே பரிபாடலும் குடுமியான்மலையும் ஒன்றையொன்று நிரப்பும் இரு பாடங்களைத் தருகின்றன. எழுத்தில்லாத மரபு, பாடுவோர் மறைய மறையும். மரபில்லாத எழுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் காதுக்கு எட்டாது நிற்கும்.

மேனாட்டில் நிகழ்ந்தது

ஐரோப்பாவிற் கிறித்தவ மடங்களிற் பாடிய துறவியரும் முதலிற் செவிவழியாகவே கற்றனர். பதினோராம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரத்துக் குயிதோ என்னும் துறவி, கோடுகளின் மீதும் இடையிலும் புள்ளியிட்டுச் சுரத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் முறையைச் செப்பஞ் செய்தார். அதன் வளர்ச்சியே இன்று உலகெங்கும் வழங்கும் ஐங்கோட்டுச் சுரலிபி. 1501 இல் வெனிஸ் நகரில் ஒத்தாவியானோ பெத்ரூச்சி பலகுரற் பாடல்களை அச்சேற்றிய பின்னர், ஒரு நாட்டில் இயற்றிய இசையை மற்றொரு நாட்டார் இயற்றியவரைக் காணாமலே பாடலாயினர்.

இம்முறை அங்கே வேரூன்றியதற்குரிய காரணம் அவர்தம் இசையின் இயல்பிலேயே உளது. மேனாட்டுச் சேர்ந்திசையில் நால்வகைக் குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடுகின்றன. பல்லியத்தில் வயலினும் குழலும் கொம்பும் முரசும் தத்தமக்குரிய பகுதியை வாசிக்கின்றன. ஒருவர் ஓரிடத்தில் ஒரு மாத்திரை பிழைத்தாலும் ஒத்திசை குலையும். ஆகவே இயற்றுவோன் தான் கருதியதனைத்தையும் தாளில் எழுதியே தீரவேண்டும். நம்மிசையோ ஒரு குரலின் ஓட்டத்தில் இராகத்தின் உயிரைக் காண்பது. கமகத்தின் அசைவும் கற்பனைச் சுரத்தின் பெருக்கும் அவ்வப்போது பிறப்பவை. இங்ஙனம் தேவை வேறாயிருந்தமையால் நம்மவர் எழுத்தைப் பெரிதும் நாடாதிருந்தனரேயன்றி, அறிவுக் குறைவினால் அன்று என்க.

அச்சேறிய சுரங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்நிலையை மாற்றியது. தென்னாட்டிற் கும்பினியாரின் பட்டாளப் பாண்டு வாத்தியங்கள் ஒலித்த காலத்தில், முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொற்களை அமைத்தார். அவை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப் பெயர் பெற்றன. அவருடைய இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். இங்ஙனம் இருவகை இசையும் ஒன்றையொன்று அறிந்த காலத்திலேயே, எழுதும் முறையைப் பற்றிய சிந்தனையும் எழுந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் சென்னையில் தச்சூர் சிங்கராசார்யுலு சகோதரர்கள் தெலுங்கில் சுரக்குறிப்புடன் பாடநூல்களை வெளியிட்டனர்.

சென்னை அரசாங்கச் செயலகத்திற் பணியாற்றிய ஏ. எம். சின்னசாமி முதலியார் கிறித்தவர். ஆயினும் கருநாடக இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். அவர் 1890களின் தொடக்கத்தில், கீர்த்தனங்களை ஐங்கோட்டுச் சுரலிபியில் எழுதிப் பகுதி பகுதியாகத் தம் பொருளைச் செலவிட்டு வெளியிட்டார். தீட்சிதர் மரபின் கீர்த்தனங்களைப் பெறுதற்கு அவர் நாடியவர் எட்டயபுரத்துச் சமஸ்தான வித்துவானாகிய சுப்பராம தீட்சிதர். கண்ணொளி குன்றிய நிலையிலும் முதலியார் சுப்பராம தீட்சிதரையும் எட்டயபுரம் அரசரையும் தூண்டியமையின் விளைவே, 1904 இல் எட்டயபுரத்தில் தெலுங்கெழுத்தில் வெளியான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலாகும். தம் குடும்பச் சொத்தாகக் காத்த கீர்த்தனங்களை உலகறிய வைத்த பின்னர், 1906 இல் தீட்சிதர் மறைந்தார். அவர் இரண்டாண்டு முன்னரே மறைந்திருப்பின், அச்சொத்தில் எத்துணை எஞ்சியிருக்கும்?

இந்நூலின் பெருமை அளவில் மட்டும் அமைந்ததன்று. சுரத்தை எழுதினால் இராகத்தை எழுதியதாகாது என்பதை அறிந்த தீட்சிதர், கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஜாரு, ஒதுக்கல், ஓரிகை முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை அமைத்துச் சுரங்களின்மேல் இட்டார். சென்னைச் சங்கீத வித்வத் சபையார் 1961 முதல் இந்நூலைத் தமிழெழுத்தில் வெளியிட்டமையால் தமிழ் மாணவர்க்கும் அது பயன்பட்டது.

தமிழிலே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் செய்த பணி குறிப்பிடத்தக்கது. மருத்துவராகிய இவர் தாம் இயற்றிய தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் 1907 இல் வெளியிட்டார். 1917 இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசையாராய்ச்சிப் பெருநூலை அச்சிட்டார். தாம் வாழும்போதே தம் பாடலின் இசையைத் தாமே எழுதி அச்சேற்றிய தமிழருள் இவர் முன்னணியில் நிற்பவர். பின்னர்த் தமிழிசை இயக்கம் தோன்றியபோது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943 முதல் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. மேல்தானத்திற்கு மேற்புள்ளி, கீழ்த்தானத்திற்குக் கீழ்ப்புள்ளி, நீட்சிக்குக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும், இரட்டித்த காலத்திற்கு மேற்கோடு, தாள அங்கத்திற்கு நிலைக்கோடு என்னும் எளிய முறை அதனாற் பரவியது.

யாழ்ப்பாணத்தின் நிலை

ஏட்டிலிருந்து அச்சிற்குத் தமிழைக் கொணர்ந்த பணியில் யாழ்ப்பாணம் பெற்ற புகழ் சிறிதன்று. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848 இல் வித்தியாசாலை நிறுவி, அச்சியந்திரமும் அமைத்து, நூல்களைப் பிழையறப் பதித்தார். சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் மீட்டளித்தார். செல்லுக்கு இரையாகவிருந்த சொல் இவர்களாற் பிழைத்தது. கோயில்தோறும் நிகழ்ந்த புராணபடனமும் திருமுறை ஓதலும் அச்சொல்லை மக்கள் செவியில் நிறுத்தின. ஆயின் சொல்லுக்கு நாவலரும் தாமோதரம்பிள்ளையும் செய்ததை இசைக்குச் செய்வார் அக்காலத்து எழவில்லை.

1816 முதல் இக்குடாநாட்டிற் பணிபுரிந்த அமெரிக்க மிஷனாரால் மேனாட்டுச் சேர்ந்திசை இங்கு அறிமுகமாயிற்று. ஞானப்பாட்டுக்கள் சுரலிபியைக் கண்டு பாடப்பட்டன. தமிழ்க் கீர்த்தனைகளோ இராகமும் தாளமும் தலைப்பில் குறிக்கப்பட்டுச் செவிவழியே பாடப்பட்டன. ஒரே கூட்டத்தில் இருவகைப் பாடல்களும் இருவகை முறையில் வழங்கின.

இசையை ஆராய்ந்து நூல் வகுத்தவர் என்ற முறையில் ஈழம் பெருமைப்படத் தக்கவர் விபுலாநந்த அடிகள். காரைதீவிற் பிறந்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமையாசிரியராகவும் விளங்கிய அடிகள், பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாக 'யாழ் நூல்' இயற்றினார். பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களைக் கொண்ட அந்நூல் 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களில் அடிகள் மறைந்தார். வழக்கொழிந்த யாழ்களின் நரம்பமைதியைக் கணிதத்தால் மீட்க அவர் பட்ட பாடு, எழுதி வையாத இசைக்குப் பின்வந்தோர் செலுத்த நேரும் விலையைக் காட்டுகின்றது.

கல்விமுறையில் இசையைச் சேர்க்கும் முயற்சியும் இங்கு நிகழ்ந்தது. வட இலங்கைச் சங்கீத சபை தேர்வுகளை நடத்தித் தராதரம் வழங்கியது. மருதனார்மடத்தில் 1960 இல் சேர். பொன். இராமநாதன் பெயரால் இசைக் கல்லூரி தோன்றியது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான்கள் அங்குக் கற்பித்தனர். பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இவற்றாற் சுரந்தாளத்துடன் கீர்த்தனங்களைக் கொப்பியில் எழுதிக் கற்கும் வழக்கம் இல்லந்தோறும் நுழைந்தது. எனினும் அக்கொப்பிகளில் எழுதப்பட்டவை பெரும்பாலும் தஞ்சை மும்மூர்த்திகளின் ஆக்கங்களே. யாழ்ப்பாணத்தார் இயற்றிய பாடல்கள் அவற்றில் இடம்பெற்றது சிறுபான்மை.

இணுவில் ந. வீரமணி ஐயரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1931 இற் பிறந்து 2003 இல் மறைந்த இவர், சென்னைக் கலாக்ஷேத்திரத்திற் பயின்று, கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பணியாற்றினார். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் பாடல் செய்தார். ஈழத்துக் கோயில்கள் பலவற்றின்மீது பதங்களும் கீர்த்தனங்களும் பாடினார். மயிலைக் கற்பகாம்பிகைமீது இவர் இயற்றிய 'கற்பகவல்லி' என்னும் பாடல் டி. எம். சௌந்தரராஜனின் குரலில் தமிழுலகெங்கும் பரவியது. அதனைக் கேட்டு உருகுவோருள் எத்தனை பேர் அச்சொல் இணுவிற் புலவருடையது என்று அறிவர்? பரிபாடற் காலத்தில் இசை போயிற்று, பெயர் நின்றது. இக்காலத்தில் இசை நிற்கின்றது, பெயர் போகின்றது. இரண்டும் இழப்பே.

வித்துவான்கள் உலகிற்கு அப்பாற்பட்ட இசையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. காத்தவராயன் கூத்தின் மெட்டுக்கள், வி. வி. வைரமுத்து நடித்துப் பாடிய மயானகாண்டத்தின் இசை, திருவிழாக்களில் நாதசுரத்தில் ஒலிக்கும் மல்லாரிகள், தவில் மேதை தெட்சணாமூர்த்தி அமைத்த கணக்குகள் ஆகியன இம்மண்ணிற்கே உரிய செல்வம். தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு ஒலிப்பதிவில் ஓரளவு கிடைக்கின்றது. ஒலிப்பதிவு ஒரு நாளில் ஒருவர் வாசித்ததைக் காட்டும். மாணவன் எதனைக் கற்று எவ்வாறு விரிக்க வேண்டும் என்பதைச் சுரதாளக் குறிப்பே வகுத்துக் காட்டும். ஒன்று இருப்பதனால் மற்றொன்று வேண்டா என்பது பொருந்தாது.

1981 ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் அழிந்தன. அவற்றுட் பல வேறிடங்களில் படி இருந்தமையால் மீண்டும் கிடைத்தன. படி இல்லாத சுவடிகள் மீளவில்லை. 1995 இல் குடாநாட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது இல்லங்களில் இருந்த கொப்பிகளும் ஏடுகளும் எத்தனையோ கைவிடப்பட்டன. ஒரு படி மட்டும் உள்ள எதுவும் பாதுகாப்புடையதன்று என்பதை யாழ்ப்பாணத்தைவிட நன்கு கற்ற ஊர் அரிது. ஒருவர் நெஞ்சில் மட்டும் உள்ள பாடலும் அத்தகையதே.

சேர்ந்திசையும் பல்லியமும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்தின் தேவை புதிய வழியால் நம்மிடையே வந்தது. அகில இந்திய வானொலி 1952 இல் தேசிய வாத்தியக் குழுவை அமைத்து, ரவிசங்கரையும் டி. கே. ஜயராமையரையும் அதனை நடத்தச் செய்தது. பல வாத்தியம் ஒருங்கு இசைக்க வேண்டியபோது ஒவ்வொருவர்க்கும் உரிய பகுதியை எழுத வேண்டியதாயிற்று. எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்துப் பாரதி பாடல்களைப் பலகுரலிற் பாடச் செய்தார். இசைப் பயிற்சி இல்லாத தொழிலாளரும் மாணவரும் அவரிடத்துப் பாடக் கற்றனர்.

2005 இல் இளையராஜா மாணிக்கவாசகரின் திருவாசகத்திற் சில பகுதிகளைச் சேர்ந்திசைக்கும் பல்லியத்திற்கும் அமைத்து வெளியிட்டார். அதனை வாசித்தோர் அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ற் நகரத்து வாத்தியக் குழுவினர். தமிழ் அறியாத அவர்கள் திருவாசகத்திற்கு இயைய வாசிக்க முடிந்தது தாளில் எழுதிய சுரலிபியின் துணையினாலேயே. 2025 மார்ச்சு 8 ஆந் திகதி அவருடைய முழுமையான சிம்பொனி இலண்டனில் அரங்கேறியதும் அத்துணையினாலேயாம். சைவர் தம் கோயிலில் ஒருமையாக ஓதும் திருவாசகத்தைப் பலகுரலாக்கல் தகுமா என்று ஐயுறுவோர் உளர். ஓதும் முறை ஓதும் இடத்திற்கு உரியது. அரங்கிசை அரங்கிற்கு உரியது. ஒன்றை எழுதியதால் மற்றொன்று கெடாது.

எழுத்தின் எல்லை

எழுதினால் மனோதர்மம் கட்டுண்ணும் என்று மரபு வழிப்பட்டோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. குறிப்பை மட்டும் கண்டு பாடும் மாணவனிடத்தில் தோடியின் காந்தாரம் அசையாது. குடுமியான்மலைக் கல்வெட்டு உணர்த்துவதும் அதுவே. ஆயின் சுப்பராம தீட்சிதர் எழுதியதால் எந்த வித்துவானுடைய கற்பனையும் குறைந்ததில்லை. குரு கற்பித்ததை மறவாது காத்தற்கும், குரு மறைந்தபின் ஐயம் தீர்த்தற்கும், பாடபேதத்தை ஒப்புநோக்கி உண்மை காண்டற்கும் எழுத்து வேண்டும். உயிரூட்டுதற்குக் குரு வேண்டும்.

இப்பணி பெருஞ் செல்வம் வேண்டுவதன்று. குடாநாட்டுக் கல்லூரி ஒவ்வொன்றிற்கும் ஒரு கீதம் உண்டு. தலைமுறை தலைமுறையாக மாணவர் சேர்ந்து பாடும் அப்பாடல்களின் சொல் மலர்தோறும் அச்சாவதுண்டு. அதன்கீழ் இசையமைத்தவர் பெயரையும் சுரதாளக் குறிப்பையும் சேர்த்துப் பதித்தால், பரிபாடல் தொகுத்தோர் பாதியில் விட்ட பணி அங்கே நிறைவுறும். சங்கீத ஆசிரியர்கள் தம் ஊர்க் கோயிலின்மீது பாடப்பட்ட பதிகங்களையும் ஊஞ்சற் பாக்களையும் கூத்து மெட்டுக்களையும் முதியோர் வாய்க்கேட்டு எழுதலாம். எழுதியதை அவர்முன் பாடிக்காட்டித் திருத்தலாம். ஒன்றுக்கு மூன்று படியெடுத்து வெவ்வேறிடத்து வைக்கலாம். புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர் தம் பிள்ளைகளுக்கு வயலினும் பியானோவும் கற்பிக்கின்றனர்; அப்பிள்ளைகள் ஐங்கோட்டுச் சுரலிபியை நன்கறிவர். நம் பாடல்களை அம்முறையிலும் எழுதித்தரின், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் சிறுவர் தம் பாட்டனாரின் ஊர்ப்பாடலைத் தாமே வாசித்துணர்வர்.

நாவலர் காலத்தில் ஏடு அழியுமுன் சொல்லை அச்சேற்றல் கடனாயிருந்தது. பாடியோரும் வாசித்தோரும் நம்மிடையே இருக்கும்போதே இசையை எழுதி வைத்தல் இக்காலத்துக் கடனாகும்.